பல் போனால் சொல் போகத்தான் வேண்டுமா?

நம்மவர் வீடுகளுக்கு ஊரிலிருந்து அப்பாவோ அம்மாவோ வந்து தங்கும்போது, அந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டிய காரியங்கள் என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். காளிகாட், தட்சிணேசுவரம், பேலூர் மடம் என்று தரிசனங்கள்; இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை; பழைய மூக்குக் கண்ணாடியை மாற்றுவது. பட்டியலின் அடியில், ஊருக்குத் திரும்ப ரயில் டிக்கெட் எடுத்த பிறகு ஞாபகம் வந்ததுபோல, “அப்படியே அம்மாவுக்குப் பல்லும் கட்டிவிடலாம்” என்று ஒன்று இருக்கும். அந்த “அப்படியே” என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

இப்படிக் கட்டிய பல்செட்டுகளில் பல, ஊர் போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடங்கிவிடுகின்றன. கல்யாணம், புகைப்படம் என்றால் வெளியே வரும். சாப்பிட உட்காரும்போது கழற்றி வைக்கப்படும். பிள்ளைகளுக்கு வருத்தம். “எவ்வளவு செலவு பண்ணிச் செய்தோம், போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாளே” என்று. பெரியவர்களும் “வயசாச்சு, எனக்கு இனிமேல் பல் எதுக்கு?” என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இதில் பெரியவரின் பிடிவாதத்துக்குப் பங்கு மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம். அவசரமாகச் செய்ததும், அவர் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதை டாக்டருக்கு யாரும் சரியாக எடுத்துச் சொல்லாததும்தான் பெரும்பாலான செட்டுகளை டப்பாவுக்குள் தள்ளுகின்றன.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. பதினோரு ஆண்டுகளாக மேலும் கீழும் முழு செட்டு அணிபவன். தவிர, வங்காளம் சரளமாகப் பேசுவேன் என்பதால் லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரத்து நம் வீடுகளிலிருந்து பெரியவர்களைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போகத் துணைக்குக் கூப்பிடுவார்கள். காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து கற்றதுதான் இதில் பாதி.

முதலில், இந்தச் சாமான் எப்படி வாயில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டிப் பாருங்கள். நேராக இழுத்தால் பிரியாது. மேல் செட்டு அப்படித்தான் நிற்கிறது. அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு, நடுவே மெல்லிய எச்சில் படலத்தோடு, ஓரங்களில் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்கிறது. கீழ் செட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நடுவில் நாக்கு இருக்கிறதே! குதிரை லாடம்போல வளைந்த ஒரு குறுகிய மேட்டின் மேல் அது உட்கார வேண்டும். அதற்குக் கிடைக்கும் இடம் மேல் செட்டுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான். நாக்கும் கன்னமும் கீழுதடும் சேர்ந்து பிடித்துக்கொண்டால்தான் நிற்கும். அந்தப் பிடிப்பைத் தசைகள் பழக வேண்டும். சைக்கிள் பழகுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆகவே “மேல் செட்டு பரவாயில்லை, கீழ் செட்டுதான் ஆடுகிறது” என்று பெரியவர் சொன்னால் அது நொண்டிச் சாக்கு அல்ல. பல்செட்டு அணிகிற யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள்.

அடுத்தது எலும்பு. பல்லைப் பிடுங்கியதும் அது நின்றிருந்த தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் சில மாதங்களில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஆயுள் முழுவதும் கரைகிறது. 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1972-இல் வெளியான ஓர் ஆய்வு, மேல் தாடையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கீழ்த் தாடை கரைகிறது என்று காட்டியது. பல் எடுத்த புண் ஆறிய உடனே அளவெடுத்துச் செட்டு செய்தால் என்ன ஆகும்? செட்டு அப்படியே இருக்கும். அது உட்கார்ந்திருந்த மேடு இறங்கிவிடும். அதனால்தான் நல்ல டாக்டர்கள் பல் எடுத்தபின் இரண்டு மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறார்கள். உடனே வேண்டுமானால் தற்காலிகமாக ஒன்று செய்து கொடுத்து, பிறகு அதன் உட்புறத்துக்குப் புதுப்பூச்சுக் கொடுத்துச் சரிசெய்வார்கள்.

செட்டு செய்யவும் ஒரே நாள் போதாது. முதல் அளவு, அதை வைத்து இரண்டாவது நுட்பமான அளவு, மெழுகுக் கட்டையை வாயில் வைத்து மேல் கீழ்த் தாடைகளின் உயரம் பார்ப்பது, மெழுகில் பல் அடுக்கிப் போட்டுப் பார்ப்பது, கடைசியில் செட்டைக் கொடுப்பது என்று குறைந்தது ஐந்து முறை போக வேண்டும். கொடுத்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஒரு தடவை, ஒரு வாரத்தில் ஒரு தடவை, அப்புறம் உறுத்தும்போதெல்லாம் ஒரு தடவை. இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். பூஜை விடுமுறைக்கு வந்து கார்த்திகைக்குள் ஊர் திரும்புகிறவர்களுக்குக் கிடைப்பது ஆறு வாரம். அதற்குள் பல்லைப் பிடுங்கி, புண் ஆற வைத்து, செட்டும் செய்து, ரயில் ஏற்றிவிட்டால், முதல் உறுத்தல் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விசாகப்பட்டினத்தைத் தாண்டும்போது தொடங்கும். ஊரில் வேறு டாக்டரிடம் போனால், “யார் செய்தார்களோ அவர்களிடமே காட்டுங்கள்” என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது. பெரியவர் அடுத்த ஆறு மாதம் எந்த ஊரில் இருக்கப்போகிறாரோ அந்த ஊரில் செட்டு செய்யுங்கள். இங்கே தொடர்ந்து இருக்கப்போகிறார் என்றால் இங்கே. திருநெல்வேலியிலோ கும்பகோணத்திலோதான் இருப்பார் என்றால் பணத்தை அங்கே அனுப்புங்கள். “அங்கே யார் அழைத்துக்கொண்டு போவார்கள்?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். எட்டுப் பத்துத் தடவை அழைத்துப் போக ஓர் உறவினரையோ, நம்பகமான ஆட்டோக்காரரையோ ஏற்பாடு செய்வது கஷ்டமாக இருக்கலாம். டப்பாவில் கிடக்கும் செட்டுக்குச் செலவழித்ததைவிட அது நிச்சயம் லாபம். இங்கே செய்வதானாலும் தனியார் கிளினிக்கே கதி என்று நினைக்க வேண்டாம். மவுலாலியில் ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் சாலையில் உள்ள ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரியில் செலவு மிகக் குறைவு; வரிசையில் நிற்கப் பொறுமை மட்டும் வேண்டும். 1920-இல் டாக்டர் ரஃபியுதீன் அகமது தொடங்கிய கல்லூரி அது. அதை நடத்தப் பணம் திரட்ட அவர் இதே நகரத்தில் ‘நியூயார்க் ஸோடா ஃபவுண்டன்’ என்று ஒரு ஐஸ்கிரீம் கடை வைத்தார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பல்லைக் கெடுப்பதும் காப்பதும் ஒரே கல்லாவில்!

இங்கே ஒரு சிறிய கிளைக்கதை. நாம் ‘பல் கட்டுவது’ என்கிறோம். வங்காளிகளும் ‘தாந்த் பாந்தானோ’ என்கிறார்கள், அதே ‘கட்டுதல்’தான். இந்த நகரத்தில் அந்தக் ‘கட்டு’த் தொழிலை ஒரு காலத்தில் பெயர் பெற நடத்தியவர்கள் சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். நம்மில் மூத்த தலைமுறையினர் சிலர் சீன டாக்டரிடம் செய்த செட்டைப் பற்றி இன்னும் பெருமையாகப் பேசுவார்கள். 1948-இல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் அனுபவத்தால் தொழில் செய்துவந்தவர்களைத் தனிப் பகுதியில் பதிவு செய்ய அது இடம் கொடுத்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அந்தச் சமூகத்தில் பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கடை திறந்தே இருக்கும். உறுத்தினால் எப்போது வேண்டுமானாலும் போய் நிற்கலாம், இரண்டு நிமிடம் தேய்த்துக் கொடுத்துவிடுவார்களாம். பல்செட்டு விஷயத்தில் பாதி வைத்தியம் அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது.

இனி மொழிக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இதுதான் பெரிய விஷயம்.

பல் டாக்டரின் அறையில் நடப்பது இப்படி. டாக்டர் வங்காளத்தில் கேட்கிறார்: “லாக்ச்சே?” அம்மா மகனைப் பார்க்கிறாள். மகன், அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்து வந்தவன், “வலிக்குதாம்மா?” என்கிறான். அம்மா தயங்கி ஏதோ சொல்லத் தொடங்குகிறாள். மகன் திரும்பி டாக்டரிடம், “ஏக்டு பேத்தா” என்கிறான். கொஞ்சம் வலி, அவ்வளவுதான். டாக்டர் எங்கோ ஓரிடத்தில் லேசாகத் தேய்த்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் மகளோடு தங்கியிருந்த ஓர் அம்மாளுக்கு இப்படியே நான்கு தடவை நடந்தது. எழுபத்தெட்டு வயது, தூத்துக்குடிப் பக்கம். ஐந்தாவது தடவை மகளுக்கு வேலை இருந்ததால் நான் போனேன். வெளியே பெஞ்சில் காத்திருக்கையில், “என்னம்மா செய்யுது, உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க” என்றேன். “வலியெல்லாம் இல்ல தம்பி. வாயத் தொறந்தா கீழ தூக்குது. இந்தா, இந்த ஓரத்துல அறுக்குது. ராத்திரி கழட்டினப்புறம் தாடையெல்லாம் அசந்து போவுது. வலிக்கான்னு கேட்டா நான் என்னன்னு சொல்ல?” என்றார். மூன்றும் மூன்று கோளாறுகள். அதையே டாக்டரிடம் தனித்தனியாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?” என்று கேட்டார்.

வலியைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று அன்றுதான் உட்கார்ந்து யோசித்தேன். பல்செட்டு விஷயத்தில் ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு துப்பு. ‘அறுக்கிறது’ என்றால் பெரும்பாலும் செட்டின் ஓரம் நீளமாகிக் கன்னத்து மடிப்பில் படுகிறது. ஓரத்தைக் குறைக்க வேண்டும். ‘உறுத்துகிறது’ என்றால் உட்புறத்தில் ஏதோ ஒரு புள்ளி மேடாக இருக்கிறது. ‘தூக்குகிறது’ என்றால் ஓரமோ, நாக்குக்கு விட்ட இடமோ சரியில்லை. ‘அசந்து போகிறது’ என்பதும், பேசும்போது பல்லோடு பல் டக்டக்கென்று தட்டுவதும், செட்டின் உயரம் கூடிவிட்டதோ என்று பார்க்க வேண்டிய அறிகுறிகள். அதை அரத்தால் ஒரு புள்ளியில் தேய்த்து ஒப்பேற்ற முடியாது; சில சமயம் பல்லையே மறுபடி அடுக்க வேண்டியிருக்கும். ‘குமட்டுகிறது’ என்றால் மேல் செட்டின் பின்விளிம்பைப் பார்க்க வேண்டும். ‘கன்னம் கடிபடுகிறது’ என்றால் கடைவாய்ப் பற்களின் அடுக்கை. ‘எரிகிறது’ என்பது வேறு கதை. அண்ணம் சிவந்திருந்தால் அது பூஞ்சைக் காளானாக இருக்கலாம். இத்தனையையும் ‘பேத்தா’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூட்டை கட்டினால் டாக்டர் என்னதான் செய்வார்? துணைக்குப் போகிறவர்கள் பெரியவரின் சொல்லை முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு வாயைத் திறந்தால் போதும். வங்காளத்தில் சொல் தெரியாவிட்டால் விரலால் காட்டலாமே. இன்னொன்று: டாக்டரிடம் போவதற்கு முன்தினம் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள். சில மணி நேரமாவது போட்டிருந்தால்தான் உறுத்திய இடம் சிவந்து அவர் கண்ணில் படும்.

மெழுகில் பல் அடுக்கிப் போட்டுப் பார்க்கும் நாளன்று டாக்டர் பேசச் சொல்வார். ‘ஸ’ ஒலி வரும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்ப்பதற்காக ஆங்கிலத்தில் அறுபதிலிருந்து எண்ணச் சொல்வது வழக்கம்: சிக்ஸ்டி, சிக்ஸ்டி ஒன் என்று. ஆங்கிலம் தெரியாத பாட்டி என்ன செய்வாள்? “தமிழில் எண்ணட்டும்” என்று பெருந்தன்மையோடு சொல்வார்கள். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று நூறு வரை எண்ணினாலும் நம் கணக்கில் ஒரு ஸகரம் வராது! சரஸ்வதி, ஸ்ரீனிவாசன், பஸ் ஸ்டாண்டு என்று சொல்லச் சொல்லுங்கள். விசில் சத்தம் வந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

அதோடு நிறுத்த வேண்டாம். நம் தகர நகரம் பிறப்பது நாக்கின் நுனி மேல்பல்லின் அடியைத் தொடும் இடத்தில். வகரத்துக்கு மேல்பல்லும் கீழுதடும் கூட வேண்டும். தொல்காப்பியர் பிறப்பியலில் இதையெல்லாம் வகுத்து வைத்திருக்கிறார். எந்தப் பல் டாக்டரும் ஒப்புக்கொள்வார். ழகரத்துக்கு நாக்கு மேல்நோக்கி வளைய வேண்டும். அண்ணத்தின் மேல் தடித்த தகடு இருந்தால் வளைய இடம் குறையும். வங்காளத்தில் நம் ழகரமும் ளகரமும் கிடையா, வகரம் பகரமாகிவிடும். ஆகவே இந்த ஊர் டாக்டருக்கு அந்த ஒலி கெட்டாலும் காதில் படாது. “வாழைப்பழத் தோல்”, “வெள்ளைத் தாமரை” என்று பெரியவரைச் சொல்லச் சொல்லி நீங்கள்தான் கேட்க வேண்டும். மெழுகில் இருக்கும்போது பல்லை முன்னே பின்னே நகர்த்துவது சில நிமிட வேலை. அக்ரிலிக்கில் வார்த்த பிறகு அது அவ்வளவு சுலபம் அல்ல.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் பேரக்குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும் ஹிந்தியும் வங்காளமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து சிலருக்கே தெரியும். அவர்களுக்குத் தமிழ் என்பது பாட்டி வாயிலிருந்து வருவதுதான். அந்தப் பாட்டி, பேசினால் செட்டு நழுவுகிறதே என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு வார்த்தையில் பதில் சொல்லப் பழகிவிட்டால், கதை நின்றுவிடுகிறது, கேலி நின்றுவிடுகிறது, திட்டுகூட நின்றுவிடுகிறது. பல் போனால் சொல் போச்சு என்று பழமொழி சொன்னார்கள். இந்த ஊரில் அந்தச் சொல் போனால் குழந்தைகளுக்கு அதை எடுத்துக் கொடுக்க அடுத்த வீட்டுப் பாட்டியும் கிடையாது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். பல்செட்டின் கடிக்கும் சக்தி சொந்தப் பல்லின் சக்தியில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஏமாற்றம் குறையும். முதல் வாரம் குழைந்த ரசம் சாதம், இட்லி, இடியாப்பம். கவளத்தைச் சிறிதாக எடுத்து, பாதியை வலப்பக்கமும் பாதியை இடப்பக்கமும் ஒதுக்கி, இரண்டு பக்கமும் சேர்த்து மெல்ல வேண்டும். ஒரே பக்கம் மென்றால் மறுபக்கம் தூக்கும். முன்பல்லால் கடித்து இழுக்கும் காரியம் கூடாது. முருங்கைக்காயைக் கரண்டியால் வழித்துக் கொடுங்கள். சந்தேஷும் ரசகுல்லாவும் பிரச்சினையே இல்லை. இந்த ஊருக்கு நன்றி. சீடையை மறந்துவிட வேண்டியதுதான். நம் சமையலில் எதிரி யார் தெரியுமா? தாளித்த கடுகு! கீழ் செட்டுக்கு அடியில் ஒரு கடுகு புகுந்தால் செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி. வங்காளிகளைப்போலக் கடுகை அரைத்துச் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. சூடும் முக்கியம். அண்ணத்தைத் தகடு மூடியிருப்பதால் சூடு உடனே உறைக்காது. டம்ளரைத் தூக்கிக் காப்பியை அண்ணாந்து குடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்குத் தொண்டையில் இறங்கிய பிறகுதான் தெரியும். மீன் சாப்பிடுகிறவர்கள் முள்ளுக்கும் அதே எச்சரிக்கை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லிஷ் மீன் என்றால் இன்னும் கூடுதலாக.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் தவறாகச் செய்வதற்கு நம் வீட்டில் எல்லாச் சாதனங்களும் இருக்கின்றன. செட்டைப் பற்பசை போட்டுத் தேய்க்கக் கூடாது. அதில் உள்ள உராய்பொருள் அக்ரிலிக்கில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும், கீறலில் அழுக்கும் கிருமியும் குடியேறும். மிருதுவான பிரஷ், சாதாரண சோப்பு, குளிர்ந்த தண்ணீர் போதும். பற்பசையே கூடாதென்றால் பல்பொடி, சாம்பல், உப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். “கிருமி சாகட்டும்” என்று கொதிநீரில் போட்டால் செட்டு கோணிக்கொள்ளும். கழுவும்போது கீழே ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது துண்டை விரித்துக்கொள்ளுங்கள். மொசைக் தரையில் விழுந்தால் இரண்டாகிவிடும். உடைந்ததைக் கடைப் பசை போட்டு ஒட்டவும் கூடாது, உறுத்துகிறது என்று நகம் தேய்க்கும் அரத்தால் ராவவும் கூடாது. இரண்டும் நம் ஆண்களுக்குக் கைவந்த கலை. கடையில் கிடைக்கும், தண்ணீரில் நுரைக்கும் மாத்திரையில் ஊறவைப்பது நல்லதுதான். பிறகு நன்றாகக் கழுவிவிட்டே வாயில் போட வேண்டும். செட்டைக் கழற்றியபின் ஈறையும் நாக்கையும் அண்ணத்தையும் மிருதுவான பிரஷாலோ ஈரத் துணியாலோ துடைப்பது செட்டைக் கழுவுவதற்குச் சமமான வேலை.

இரவில் கழற்ற வேண்டும். இதைச் சொல்லாத டாக்டர் இல்லை. கேட்கிற பெரியவர் குறைவு. இரவும் பகலும் போட்டிருந்தால் அண்ணத்தில் காளான் படரும், ஈறு சிவந்து எரியும். ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலுமான 524 பேரைக் கவனித்து 2015-இல் வெளியான ஆய்வில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இவ்வளவு தெரிந்தும் ஏன் கழற்றுவதில்லை? கூச்சம்தான். இங்கே நம்மில் பலருடைய ஃபிளாட்டில் பெரியவருக்கென்று அறை கிடையாது. மாமியார் ஹாலில் சோபாவிலோ மடக்குக் கட்டிலிலோ படுக்கிறார். காலையில் பால்காரருக்குக் கதவு திறக்க வேண்டும், மருமகன் அந்த வழியாகத்தான் போக வேண்டும். பொக்கை வாயோடு மாப்பிள்ளை முன்னால் நிற்க எந்த அம்மாளுக்கு மனம் வரும்? குளியலறை அலமாரியில் அவருக்கென்று ஒரு தட்டு, மூடியுள்ள ஒரு டப்பா, படுக்கையைச் சுற்றி ஒரு திரை என்று வைத்துக் கொடுங்கள். டப்பாவில் தினமும் புதுத் தண்ணீர் வேண்டும். செட்டு காய்ந்தால் வடிவம் மாறும். மூடி முக்கியம். திறந்த டம்ளரில் வைத்தால் குழந்தைகள் ‘பாட்டி பல் சிரிக்கிறது’ என்று வேடிக்கை பார்ப்பார்கள். அன்றோடு பாட்டி கழற்றுவதை நிறுத்திவிடுவார்.

ஆஸ்பத்திரியில் சேரும்போது இன்னொரு கவனம் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் செட்டைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றியதைக் காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைப்பார்கள். பெருக்க வருகிறவர் குப்பை என்று எடுத்துப் போய்விடுவார். நகரத்தின் தெற்கே ஒரு நர்சிங் ஹோமில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு இப்படித்தான் ஆயிற்று. இடுப்பு எலும்பு ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பல் இல்லாமல் கஞ்சியும் பிஸ்கட்டுமாக இரண்டு மாதம் இருந்து மெலிந்துவிட்டார். பெயர் எழுதிய டப்பாவை வீட்டிலிருந்தே கொண்டுபோய், கழற்றியதும் நீங்களே கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு பல் மட்டும் கம்பியோடு கட்டியவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தூக்கத்திலோ வலிப்பிலோ அதை விழுங்கிவிட்டால், அக்ரிலிக் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. கம்பி இருந்தால் அது மட்டும் தெரியும். காலையில் சின்னச் செட்டைக் காணோம், தொண்டை வலிக்கிறது என்று பெரியவர் சொன்னால் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செட்டு ஆயுளுக்கும் ஆனது என்ற எண்ணமும் இருக்கிறது. எலும்பு கரையக் கரையத் தளரும். இடையில் உட்பூச்சுக் கொடுக்கலாம். ஐந்து முதல் ஏழு ஆண்டுக்குள் புதிதாகச் செய்ய நேரும். தளர்ந்த செட்டை ஒட்டும் பொடியால் நிறுத்திக்கொண்டே போவது, கிழிந்த குடையைப் பிடித்துக்கொண்டு காலபைசாகி மழையில் போவது மாதிரி. கீழ்த் தாடையில் இரண்டு திருகாணி பொருத்தி அதன்மேல் செட்டை மாட்டும் முறையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். கையில் காசும் உடம்பில் தெம்பும் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பல்லே இல்லை, இனி டாக்டர் எதற்கு என்று இருந்துவிட வேண்டாம். வருடம் ஒரு முறை வாயைக் காட்ட வேண்டும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ இருந்தால், வெற்றிலை பாக்கு புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் முக்கியமாக, அதைச் செட்டின் உறுத்தல் என்று தள்ளிவிடாமல் காட்டியே ஆக வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் சரஸ்வதி பூஜைக்கும் தொண்டர் பட்டியல் போடுகிறோம். அதேபோல, வங்காளமும் தமிழும் தெரிந்த, பகலில் நேரம் உள்ள ஓய்வுபெற்றவர்கள் ஏழெட்டுப் பேர் பெயரைத் தொலைபேசி எண்ணோடு அறிவிப்புப் பலகையில் போடலாம். பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப் போய், அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே சொல்லிவிட்டு வருவதுதான் வேலை. பெண்களும் இரண்டு மூன்று பேர் முன்வந்தால் நல்லது. சில அம்மாள்கள் என் முன்னால் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம்.